எட்டாம் முறை கொதித்த வேர்

மனித குலத்தை மூப்பிலிருந்தும் வீக்கத்திலிருந்தும் மீட்டெடுக்கும் மாபெரும் பொறுப்பை மூலிகை உயராய்வு நிறுவனத்தின் மூன்றாம் மாடி ஏற்றிருந்தது. லிஃப்ட் இரண்டாம் மாடி வரைதான் போகும். மிச்சத்துக்கு மனித குலம் படியேறித்தான் வர வேண்டும்.

அந்த மாடியில் பத்து வருஷமாக ஒரே ஒரு வேரை ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். சீனத்துச் செவ்வேர் என்று பெயர். சீன வைத்தியர்கள் அதை எதற்கெதற்கோ காலங்காலமாகக் கொடுத்து வந்தார்களாம். நிறுவனம் அதில் இரண்டை மட்டும் பொறுக்கி எடுத்துக்கொண்டது. உடம்பு உள்ளுக்குள் துருப்பிடிக்காமல் காக்கும் ஆக்ஸிஜனேற்ற எதிர்ப்புத் திறன் ஒன்று. வீங்கினதை வற்றவைக்கும் அழற்சி எதிர்ப்புத் திறன் இன்னொன்று. இந்தத் திறன்கள் வேரில் "இருக்கக்கூடும்" என்று எழுதி ஏழு பேர் முனைவர் பட்டம் வாங்கிப் போய்விட்டார்கள். "இருக்கிறது" என்று ஒருவரும் எழுதவில்லை. எழுதிவிட்டால் எட்டாவது ஆளுக்கு வேலை இருக்காதே.

எட்டாவது ஆள் ஒரு பெண். வேரை ஆராய்கிறவர்களுக்கு அங்கே பெயர் சொல்லும் வழக்கம் இல்லை, வரிசை எண்தான். ஒன்றாமவர் இப்போது துறைத் தலைவர். ஐந்தாமவர் தங்கப் பதக்கக்காரர். இவள் எட்டாமவள். சேர்ந்து ஐந்து வருஷம் ஆகிறது. தலைப்புக்கு ஒப்புதல் வாங்க ஒரு வருஷம், தலைப்பில் இருந்த ஒரு காற்புள்ளியை எடுக்க எட்டு மாசம், வேரைத் தொட அனுமதி கேட்டு மூன்று வருஷம் என்று போய், பொடி அவள் கைக்கு வந்தபோது உதவித்தொகைக் காலத்தில் ஆறு மாசம்தான் பாக்கி. அந்த ஆறு மாசமும் தேய்ந்து இப்போது நான்கு வாரத்தில் நின்றது.

நான்கு வாரம் என்பது அவளுக்கு வெறும் கணக்கு இல்லை. பன்னிரண்டு மணி நேர பஸ் தூரத்தில் கணவன் ஓர் அச்சகத்தில் வேலை பார்த்தான். நாலு வயசு மகள் அவனோடு இருந்தாள். அந்த ஊர்க் கல்லூரியில் இவளுக்கென்று ஒரு விரிவுரையாளர் இடத்தைப் பிடித்து வைத்திருந்தார்கள். முப்பதாம் தேதிக்குள் பட்டச் சான்றிதழோடு போய் நின்றால் வேலை, வீடு, பிள்ளை எல்லாம் ஒரே கூரைக்குள். முப்பத்தொன்று என்றால் அந்த இடம் கல்லூரிச் செயலாளரின் மைத்துனிக்கு. அதனால் எட்டாமவளுக்குக் கொஞ்ச நாளாக உட்கார முடியவில்லை. குளிர்பெட்டிக்கும் ஜன்னலுக்கும் நடுவே நடந்தாள். திறந்த இழுப்பறையையே மறுபடி திறந்து பார்த்தாள். கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, கைபேசியில் மணி பார்த்துவிட்டு, இரண்டும் ஒத்துப்போவதில் எரிச்சல் அடைந்தாள்.

பரிசோதனை ஒன்றும் பிரமாதமில்லை. அடர் ஊதா நிறத்தில் ஒரு கரைசல் இருக்கிறது. அதில் மூலிகைச் சாற்றைச் சொட்டுவிட்டு அரை மணி நேரம் இருட்டில் வைக்க வேண்டும். சாற்றில் சரக்கு இருந்தால் ஊதா போய் மஞ்சளாகும். வெங்காயத் தோலைப் போட்டாலும் மஞ்சளாகும். கான்டீன் தேநீரை விட்டாலும் மஞ்சளாகும். மஞ்சளாக்காமல் இருக்கத்தான் தனித் திறமை வேண்டும்.

செவ்வேருக்கு அந்தத் திறமை இருந்தது. எட்டாமவள் பதினொரு தடவை செய்து பார்த்தாள். பதினொரு தடவையும் ஊதா ஊதாவாகவே, குத்துக்கல் மாதிரி இருந்தது.

முடிவை எழுதலாம் என்று படிவத்தை எடுத்தாள். 'திறன்' என்ற தலைப்பின் கீழ் மூன்று கட்டங்கள் இருந்தன: நன்று, மிக நன்று, வியக்கத்தக்கது. நான்காவது கட்டம் பின்பக்கத்தில் இருக்குமோ என்று திருப்பிப் பார்த்தாள். பின்பக்கத்தில் இயக்குநரின் புகைப்படம் இருந்தது.

இயக்குநர்தான் அவளுக்கு வழிகாட்டியும். அதற்கு முன் ஏழு பேருக்கும் அவர்தான். குடிக்கத் தண்ணீர் கேட்பதென்றாலும் முன்னுரை, பொருளுரை, முடிவுரையோடு கேட்கிற மனிதர். அவள் விஷயத்தைச் சொன்னதும் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"நிறம் மாறலைன்னு யார் சொன்னது?"

"நான் பார்த்தேன் சார்."

"அதைத்தாம்மா கேட்கிறேன். உன் கண்ணை யாராவது பார்த்தாங்களா?"

மறுநாள் அவளைக் கண் மருத்துவரிடம் அனுப்பினார்கள். மருத்துவர் புள்ளிப் புள்ளியாக இருந்த வண்ணப் படங்களைக் காட்டினார். படங்களுக்குள் ஒளிந்திருந்த எண்களையெல்லாம் சரியாகச் சொன்னாள். நிறம் தெரியவில்லை என்று வருகிறவர்கள் உண்டு, தெரிகிறது என்ற குற்றத்துக்காக அனுப்பப்பட்ட ஆளை இப்போதுதான் பார்க்கிறேன் என்று மருத்துவர் சொன்னார். சான்றிதழ் கோப்பில் சேர்ந்தது. கோப்பின் மேல் இயக்குநர் எழுதினார்: கண் குற்றமற்றது, அடுத்த காரணத்தைத் தேடவும்.

அடுத்த காரணம் ஜன்னல் திரை. அது லேசான ஊதா. அதைக் கழற்றினார்கள். பிறகு அவளுடைய கைப்பை ஊதா என்று யாரோ சொல்ல, அதை மாடிப்படியில் வைத்துவிட்டு வரச் சொன்னார்கள். ஊதா நகரவில்லை. நான்கு வாரம் இரண்டரை வாரமானது.

பிறகு ஏழு பேர் கொண்ட உயர்நிலைக் குழு ஒன்று அமைந்தது. குழு கூடுவதற்கு முன் குழுவின் பெயர் என்ன என்பதற்கு ஒருமுறை கூடியது. மூன்றாம் கூட்டத்தில்தான் சோதனைக் குழாய்களைக் கொண்டுவரச் சொன்னார்கள். எட்டாமவள் பன்னிரண்டு குழாய்களை மேஜையில் நிறுத்தினாள். பன்னிரண்டும் கத்தரிப்பூ மாதிரி ஜொலித்தன. இயக்குநர் எழுந்தார்.

"நம்ம நிறுவனம் தோன்றி இருபத்துமூணு வருஷம் ஆகுது. இதுவரைக்கும் முந்நூறு மூலிகை இந்த வாசல்ல நுழைஞ்சிருக்கு. முந்நூறுக்கும் திறன் இருக்கக்கூடும்னு நாம நிரூபிச்சிருக்கோம். ஒண்ணுகூடத் தோத்ததில்லை. ஒரு பரீட்சையில இத்தனை வருஷமா ஒருத்தர்கூட பெயிலாகலைன்னா அந்தப் பரீட்சையோட தரத்தை நீங்களே யோசிச்சுப் பாருங்க. இன்னிக்கு ஒரு வேர் நம்ம தரத்துக்கே சவால் விடுது. இதை நிறப் பிரச்சினைன்னு சொல்லாதீங்க. இது ஒழுங்குப் பிரச்சினை."

உறுப்பினர்கள் குழாய்களைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார்கள். அடுத்த மாதம் பதவி நீட்டிப்பை எதிர்பார்த்திருந்த ஒருவர், என் கண்ணுக்கு மஞ்சள் மாதிரிதான் தெரிகிறது என்றார். இன்னொருவர் கண்ணை மூடிக்கொண்டு பார்த்தால் அப்படித்தான் இருக்கிறது என்று ஒத்துக்கொண்டார். கடைசியில் கைதூக்கி வாக்கெடுத்தார்கள். நாலுக்கு மூன்று என்ற கணக்கில், குழாயில் இருப்பது "மஞ்சளை நோக்கிப் பயணிக்கும் ஊதா" என்று தீர்மானம் நிறைவேறியது. பயணம் எப்போது முடியும் என்று எட்டாமவள் கேட்டாள். புதுப் பொடி வாங்கி மறுபடி செய், தானாகத் தெரியும் என்று சொல்லி எழுந்துபோனார்கள்.

புதுப் பொடிக்காக அவள் கீழ்த்தளத்து ஸ்டோருக்கு ஓடினாள். ஸ்டோர்காரர் நிதானத்துக்கே பிறந்தவர். மூக்குக்கண்ணாடியைத் துடைத்து, பேரேட்டைத் தூசி தட்டி, அதற்கப்புறம்தான் நிமிர்ந்து பார்ப்பார்.

"பழசைத் திருப்பித் தந்தாத்தாம்மா புதுசு."

"பழசைக் கொதிக்க வெச்சு சாறு இறக்கியாச்சே சார். சக்கைதான் இருக்கு."

"அந்தச் சக்கையைத்தான் கேட்கிறேன். காய வெச்சு, நிறுத்து, ஐநூறு கிராம் கொண்டா. அதையே டின்ல போட்டு, உனக்கு ஐநூறு கிராம் எழுதித் தர்றேன்."

எட்டாமவளுக்குக் கால் நின்றது. பல நாளைக்குப் பிறகு அப்போதுதான் நின்றது. மெதுவாகக் கேட்டாள்: எனக்கு முன்னால் இருந்தவர்களும் இப்படித்தான் திருப்பிக் கொடுத்தார்களா?

ஸ்டோர்காரர் பெருமையோடு பேரேட்டைத் திருப்பிக் காட்டினார். பத்து வருஷத்துக்கு முன் வேர் வந்து இறங்கினபோது, வெளிநாட்டிலிருந்து வந்த பொருள் என்ற மரியாதைக்காக, அப்போதிருந்தவர் அதைத் தீர்ந்துபோகும் பொருள்களின் பேரேட்டில் எழுதாமல், நாற்காலி, நுண்ணோக்கி, சுவர்க்கடிகாரம் இவற்றோடு சேர்த்துத் திருப்பித் தர வேண்டிய பொருள்களின் பேரேட்டில் எழுதிவிட்டார். ஒன்றாமவர் இருபது கிராம் குறைத்துக் கொடுத்துத் தணிக்கையில் மாட்டிக்கொண்டார். அதிலிருந்து யாரும் அந்தத் தப்பைச் செய்ததில்லை. வாங்கினது ஐநூறு, திருப்பினது ஐநூறு என்று ஏழு வரி, ஏழு கையெழுத்து.

"கொதிச்சா எடை குறையுமே சார். ஐநூறு எப்படி வரும்?"

"அது அவங்கவங்க கெட்டிக்காரத்தனம். நாலாமவர் கான்டீன்ல தேயிலைத் தூள் வாங்கிச் சரிக்கட்டினாருன்னு கேள்வி. எனக்கு எடை சரியா இருந்தாப் போதும்."

அடுத்து அந்த டின்னைத் திறந்த ஐந்தாமவர் தங்கப் பதக்கம் வாங்கின ரகசியம் எட்டாமவளுக்கு அந்த இடத்தில் விளங்கிற்று. ஐந்தாம் ஆய்வில் வேரின் வீரியம் மூன்று மடங்கு எகிறினதை விளக்கி இயக்குநர் எழுதிய கட்டுரையை அவள் மனப்பாடமாகவே படித்திருந்தாள். வயது ஏற ஏற வேருக்கு அனுபவம் கூடுகிறது என்பது அதன் சாரம். பெயர் செவ்வேர், பொடி ஏன் மரத்தூள் நிறத்தில் இருக்கிறது என்று முதல் நாளே அவள் கேட்டிருந்தாள். செம்மை என்பது நிறமல்ல, பண்பு என்று அதற்கும் பதில் வந்திருந்தது.

அப்படியானால் சீனாவிலிருந்து புதிதாக வரவழைக்கலாமே என்றாள். ஸ்டோர்காரர் அவளைப் பரிதாபமாகப் பார்த்தார். இருப்பு கால்வாசிக்குக் கீழே போனால்தான் புதிது வாங்கலாம். இருப்புதான் குறையவே இல்லையே.

அன்று மாலை படிக்கட்டில் உட்கார்ந்து கணவனுக்குப் போன் செய்தாள். எல்லாம் கேட்டுவிட்டு அவன், வேரில் ஒன்றுமில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிடேன், அதுவும் ஒரு கண்டுபிடிப்புதானே என்றான்.

"அதுக்குக் கட்டம் இல்லைங்க."

"கட்டம்னா?"

அவள் விளக்குவதற்குள் மகள் போனைப் பிடுங்கிக்கொண்டாள். அம்மா, உன் டீச்சருக்கு ஊதா பிடிக்காதா என்று கேட்டாள். பிடிக்காது என்றாள் இவள். அப்போ மஞ்சள் கிரேயான் தரட்டுமா என்றது பிள்ளை. எட்டாமவள் இரண்டு படி இறங்கி, மூன்று படி ஏறி, போனை வைத்துவிட்டாள்.

விடிந்ததும் இயக்குநரின் அறைக்குப் போய், பேரேட்டில் பார்த்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள். கேட்டுவிட்டு அவர் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"வெளியில ஏழு டாக்டர் உலாவறாங்கம்மா. ஒருத்தர் துறைத் தலைவர். ஒருத்தர் வெளிநாட்டுல. நீ சொல்றதைப் பார்த்தா முதல் ஆள் வேரை ஆராய்ச்சி பண்ணினார், மத்தவங்க எல்லாம் அவர் குடிச்ச தேநீரோட சக்கையை ஆராய்ச்சி பண்ணினாங்க. அப்படித்தானே?"

"நாலாமவர் தேயிலையும் போட்டிருக்கார் சார்."

"உண்மையை நான் என்னிக்குமே மறுத்ததில்லை. ஆனா அதுக்கு ஒரு முறை இருக்கு. உனக்குச் சான்றிதழ் வேணுமா, நியாயம் வேணுமா? ரெண்டுக்கும் தனித்தனி விண்ணப்பம். சான்றிதழுக்கு முப்பதாம் தேதி கடைசி. நியாயத்துக்குக் கடைசித் தேதி கிடையாது, நிதானமா எப்ப வேணும்னாலும் போடலாம்."

அவள் வாயைத் திறந்தாள். கல்லூரிச் செயலாளரின் மைத்துனி கண் முன்னால் வந்து நின்றாள். மூடிக்கொண்டாள்.

இயக்குநர் உற்சாகமாகிவிட்டார். தலைப்பில் இரண்டு திறன்கள் இருக்கின்றனவே. ஒன்று மஞ்சளை நோக்கிப் பயணத்தில் இருப்பதால் மற்றதை வைத்துக் கரையேறலாம். இருபத்தெட்டாம் தேதி நிறுவனத்தை மதிப்பிட வெளியிலிருந்து மூவர் குழு வருகிறது. அவர்கள் முன்னிலையிலேயே எலிகளின் வீக்கத்தை வற்றவைத்துக் காட்டிவிட்டால், அந்த இடத்திலேயே கையெழுத்துப் போட்டுச் சான்றிதழைக் கையில் தருகிறேன் என்றார்.

இருபத்தெட்டாம் தேதி காலை, எலிக்கூடத்தில் பன்னிரண்டு வெள்ளை எலிகள் தயாராயின. எலிக்கூடத்தைப் பார்த்துக்கொள்கிறவரை எல்லோரும் எலியண்ணன் என்பார்கள். மூவர் குழுவுக்காக அவர் எலிகளுக்கு வால் வரை துடைத்துவிட்டிருந்தார். ஆறு எலிகளுக்கு எட்டாம் முறை கொதித்த வேரின் சாறு. ஆறு எலிகளுக்கு வெறும் தண்ணீர். சரியாக ஒன்பது மணிக்குப் பன்னிரண்டுக்கும் பின்னங்காலில் வீக்கம் வரவழைக்கும் ஊசி. மூன்று மணி நேரத்தில் வீக்கம் உச்சத்துக்குப் போகும். பன்னிரண்டு மணிக்கு வெர்னியர் அளவுகோலால் பாதத்தின் தடிமனை அளந்து, இரண்டு கூட்டத்தையும் ஒப்பிட வேண்டும். தாமதித்தால் பிரயோசனமில்லை. உடம்பு தானாகவே சரிபண்ணிக்கொள்ளத் தொடங்கிவிடும்.

ஒன்பதேகாலுக்கு இயக்குநர் வரவேற்புரையைத் தொடங்கினார். அழற்சி என்பது உடம்பின் கோபம் என்று ஆரம்பித்தார். கோபத்தின் வரலாற்றுக்குப் போனார். அங்கிருந்து தன் இளமைக்கு வந்தார். பதினொன்றுக்கு நிறுவனத்தைத் தோற்றுவித்தார். எட்டாமவள் கடைசி வரிசையில் வெர்னியரைத் திறந்து மூடித் திறந்து மூடிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் இருந்தவர் சத்தம் தாங்காமல் இடம் மாறினார். பன்னிரண்டு அடித்தது. அவள் ஒரு துண்டுச்சீட்டில், 'மூன்று மணி நேரம் ஆகிவிட்டது' என்று எழுதி மேடைக்கு அனுப்பினாள். இயக்குநர் அதைப் படித்துவிட்டு நெகிழ்ந்துபோனார்.

"பாருங்க, மூணு மணி நேரம் போனதே தெரியலைன்னு நம்ம ஆய்வாளர் ஒருத்தர் எழுதி அனுப்பியிருக்காங்க."

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. பிறகு மூவர் குழுவின் தலைவர் பதிலுரை ஆற்றினார். அதற்கு இயக்குநர் நன்றியுரை ஆற்றினார். அந்த நன்றியில் தங்களைக் குறிப்பிட மறந்ததாகத் துறைத் தலைவர்கள் முகம் சுளிக்க, ஒவ்வொருவருக்கும் ஐந்து நிமிஷம் தரப்பட்டது. ஒன்றாமவர் தன் ஐந்து நிமிஷத்தை நாற்பது நிமிஷம் பேசினார். சாப்பாடு மூன்றரைக்கு. அதற்கப்புறம் மூவரும் தோட்டத்தில் புகைப்படம் எடுத்துக்கொண்டார்கள். படத்தில் வெளிச்சம் போதவில்லை என்று மறுபடி எடுத்தார்கள். எலிகளைக் காலையில் பார்த்துக்கொள்ளலாம், எலிகள் எங்கே போய்விடும் என்று குழுத் தலைவர் சொன்னது நல்ல நகைச்சுவையாகக் கருதப்பட்டது.

காலையில் பார்க்கவில்லை. காலையில் மூவருக்கும் நூலகம் காட்டப்பட்டது. எலிக்கூடத்துக்கு அவர்கள் வந்தபோது இருபத்தொன்பதாம் தேதி பிற்பகல் மூன்று மணி. ஊசி போட்டு முப்பது மணி நேரம் ஆகியிருந்தது.

எலியண்ணன் வேர்ச்சாறு குடித்த எலிகளை ஒவ்வொன்றாகப் பிடித்துக் கொடுத்தார். எட்டாமவள் வெர்னியரை வைத்து அளந்து சொன்னாள். ஆறுக்கும் கால் வற்றியிருந்தது. மூவர் குழுத் தலைவர் குனிந்து ஒரு பாதத்தைத் தொட்டுப் பார்த்து, எலி மாதிரியே இருக்கிறது என்று வியந்தார். எல்லோரும் கைதட்டினார்கள். எலிகள் மிரண்டன.

குழுவில் இருந்த வயதான ஒருவர் மட்டும் பக்கத்துக் கூண்டைக் காட்டி, தண்ணீர் குடித்த எலிகளை அளக்க வேண்டாமா என்று கேட்டார். விமானத்துக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. இயக்குநர் அவர் தோளில் கை வைத்தார்.

"தண்ணில திறன் இல்லைன்னு உலகத்துக்கே தெரியும் சார். தெரிஞ்சதை அளக்கறது ஆராய்ச்சி ஆகாது."

படிவம் அங்கேயே நிரப்பப்பட்டது. 'வியக்கத்தக்கது' என்ற கட்டத்தில் இயக்குநர் தன் பேனாவால் குறியிட்டார். சான்றிதழில் கையெழுத்து விழுந்தது, முத்திரை விழுந்தது. எட்டாமவள் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். வராந்தாவுக்கு வந்து கணவனுக்குப் போன் செய்து, ஆறு மணி பஸ்ஸில் ஏறுகிறேன், காலையில் நேரே கல்லூரிக்கே போய்விடலாம் என்றாள். மகள், ஊதா போயிடுச்சா என்று கேட்டாள். போயிடுச்சுடா கண்ணு என்றாள்.

வெர்னியர் இன்னும் கையிலேயே இருந்தது. அதைக் கொடுத்துவிட்டுப் போகலாம் என்று எலிக்கூடத்துக்குத் திரும்பினாள். கூட்டம் போயிருந்தது. எலியண்ணன் கூண்டுக்கு மரத்தூள் மாற்றிக்கொண்டிருந்தார். பஸ்ஸுக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது.

"அண்ணே, அந்த ஆறையும் ஒரு தடவை பிடிச்சுக் கொடுங்க."

"இனிமே எதுக்குத் தங்கச்சி? அதான் கையில வாங்கிட்டியே."

"சும்மாதான்."

அவர் ஒவ்வொன்றாகப் பிடித்தார். அவள் ஒவ்வொன்றாக அளந்தாள். எழுதிக்கொள்ளவில்லை.

தண்ணீர் குடித்த எலிகளின் கால் வேர்ச்சாறு குடித்தவற்றைவிட அரை மில்லிமீட்டர் கூடுதலாக வற்றியிருந்தது.